எந்தப் பழனிச்சாமி?

எங்கள் பீளமேட்டில் ஒரே வீதியில் மூன்று பழனிச்சாமிகள் இருப்பது அதிசயமில்லை. "பழனிச்சாமியக் கூட்டிட்டு வா" என்றால், "எந்தப் பழனிச்சாமிங்க, மில்லுக்காரரா, மளிகைக் கடைக்காரரா?" என்று திருப்பிக் கேட்பான் பையன். கேட்காமல் கிட்டத்தில் நிற்பவரை இழுத்து வருகிறவனை யாராவது வேலைக்கு வைப்பார்களா? கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறோம்!

விண்டோஸில் பவர்ஷெல் என்று ஒரு ஸ்கிரிப்ட் மொழி; 2006-ல் வந்தது. பல வேலைகளுக்கு அது, ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்திருக்கும் டாட்நெட் நூலகத்தைக் கூப்பிடும். அங்கே ஒரே பெயரில் பல செயல்முறைகள் உண்டு. நாம் கொடுப்பது எழுத்தா, சொல்லா, எண்ணா என்று பார்த்து, எதைக் கூப்பிடுவது என்று பவர்ஷெல்தான் முடிவு செய்கிறது. பொருந்தாவிட்டால், கொடுத்ததையே வேறு வகையாக மாற்றியும் கொள்ளும்.

நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். "பீளமேடு" என்பதை "மே" வருமிடத்தில் வெட்டு என்று 'ஸ்ப்ளிட்' செயல்முறையிடம் சொல்கிறோம். பவர்ஷெல் 5.1-ல் மூன்று துண்டுகள் வரும்: "பீள", நடுவே ஒரு காலித் துண்டு, கடைசியில் "டு". 2020-ல் வந்த பவர்ஷெல் 7-ல் அதே வரிக்கு இரண்டே துண்டுகள்.

காரணம் இதுதான். 5.1 நம்பியிருக்கும் பழைய டாட்நெட்டில், ஒரு சொல்லை மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் ஸ்ப்ளிட் கிடையாது. ஆகவே "மே"யை மகரம், ஏகாரக் குறி என இரண்டாக உடைத்து, தனி எழுத்துகளை வாங்கும் ஸ்ப்ளிட்டிடம் கொடுத்துவிடுகிறது. புதிய டாட்நெட்டில் சொல்லை வாங்கும் ஸ்ப்ளிட் சேர்ந்ததும், கூப்பிடு அங்கே போய்விட்டது. இரண்டு இடத்திலும் ஒரு எச்சரிக்கை கிடையாது. சம்பளப் பட்டியலை இப்படி வெட்டும் ஸ்கிரிப்ட்டைப் புது மெஷினுக்கு மாற்றினால், மூன்றாவது கட்டத்தில் இருந்த தொகை சத்தமில்லாமல் இரண்டாவதுக்கு வந்துவிடும்.

"வசதிக்காகத்தான் சார். விவரமெல்லாம் எழுதியே வெச்சிருக்காங்க, படிச்சுக்கணும்" என்கிறார்கள் இளைஞர்கள். அதே டாட்நெட்டைக் கூப்பிடும் சி ஷார்ப் கம்பைலர், சமமாகப் பொருந்தும் இரண்டு செயல்முறைகள் இருந்தால் "தெளிவில்லை" என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. அதற்குத் தெரிந்த மரியாதை இதற்கு ஏன் தெரியக்கூடாது? நின்றுபோகும் மெஷினைச் சரிசெய்துவிடலாம். தப்பாக ஓடிக்கொண்டே இருக்கும் மெஷினை யார் கண்டுபிடிப்பது?

அவிநாசி ரோட்டு ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் பேரன் பேத்திகளிடம் சொல்லி வையுங்கள். கொடுப்பது என்ன வகை என்று வெளிப்படையாக எழுதட்டும். அடைப்புக்குறி போடாமல் செயல்முறையின் பெயரை மட்டும் அடித்தால், அந்தப் பெயரில் இருப்பவை அத்தனையும் திரையில் வரும்; அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடட்டும். வெட்டுவதற்கு மட்டும் என்றால் பவர்ஷெல்லின் சொந்த ஸ்ப்ளிட் குறியீடு இருக்கிறது. "மே"யை இரண்டு பதிப்பிலும் அது ஒரே மாதிரிதான் வெட்டும்.

மெஷின் கேட்காத கேள்வியை எழுதுகிறவராவது கேட்டுக்கொள்ள வேண்டாமா?