ரவுட்டிங் தீர்ந்த கணக்கு அல்ல

"ரவுட்டிங் எல்லாம் எப்போதோ தீர்ந்துபோன விஷயம். பிடித்த லைப்ரரி ஒன்றைப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்." சர்வர்லெஸ் பற்றிப் பேச மேடையேறுகிறவர்கள் பல வருடங்களாக இதையே சொல்கிறார்கள். போன மாதமும் கேட்டேன். முன்வரிசையில் இருந்த, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

"பாதை பிரிக்கும் வேலையை பிளாட்ஃபார்ம் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். எந்த பிளாட்ஃபார்ம்? '/பயனர்/:எண்', '/பயனர்/புதிது' என்று இரண்டு பாதைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பிரஸில் முதலில் எழுதிய பாதைக்கே முதல் உரிமை. மேலே சொன்ன வரிசையில் எழுதினால், 'புதிது' என்ற சொல்லையே பயனர் எண்ணாக எடுத்துக்கொண்டு டேட்டாபேஸில் தேடப் போய்விடும். அமேசான் ஏபிஐ கேட்வேயின் ஹெச்டிடிபி ஏபிஐயில் வரிசை கணக்கில் வராது, அச்சாகப் பொருந்தும் பாதையே ஜெயிக்கும். கேட்வேயில் ஒழுங்காக ஓடிய இரண்டு வரிகளை அப்படியே லாம்டாவுக்குள் எக்ஸ்பிரஸுக்குக் கொண்டுபோனால் பக்கம் உடையும். எந்த எச்சரிக்கையும் வராது.

"இருப்பதிலேயே வேகமான ரவுட்டரை எடுத்தால் போதும்" என்பது அடுத்தது. யூசுகே வாடா 2021 கடைசியில் தொடங்கிய ஹோனோ ஃபிரேம்வொர்க்கைப் பாருங்கள். அதன் ரெஜ்எக்ஸ்ப் ரவுட்டர் எல்லாப் பாதைகளையும் ஒரே பெரிய ரெஜெக்ஸாகக் கோத்துவைத்துக்கொள்ளும். தேடுவது மிக வேகம், ஆனால் கோப்பதற்கு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் செயலி புதிதாக எழுந்திருக்கும் இடங்களில் அந்த நேரமே சுமை. அதற்காகவே கோக்காமல் வரிசையாகப் பார்த்துப்போகும் லீனியர் ரவுட்டரையும் சேர்த்துத் தருகிறார்கள். எழுதியவர்களே ஒன்று போதாது என்று பல ரவுட்டர்களை வைத்திருக்கும்போது, மேடைப் பேச்சாளர் எந்தத் தைரியத்தில் எது வேண்டுமானாலும் போதும் என்கிறார்? 2025 ஆகஸ்ட் முதல் லாம்டா எழுந்திருக்கும் நேரத்துக்கும் பில் வருகிறது.

ரெஜெக்ஸ் என்றாலே வேகம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தேதி போதும். 2019 ஜூலை 2: கிளவுட்ஃபிளேரின் ஃபயர்வால் விதியில் இருந்த ஒரே ஒரு ரெஜெக்ஸ் உலகெங்கும் இருந்த அதன் சிபியுக்களை மூச்சுமுட்ட வைத்தது. 27 நிமிடம் எண்ணற்ற தளங்கள் கிடைக்கவில்லை.

எனக்கு உண்மையில் கோபம் வருவது கடைசி வாதத்தில்தான். "சர்வரில் ஓடும் அதே ரவுட்டர் பிரவுசரின் சர்வீஸ் வொர்க்கரிலும் ஓடும். இரண்டும் ஒன்றுதான்." ஓடும், மறுக்கவில்லை. கிளவுட்ஃபிளேர் 2017இல் வொர்க்கர்ஸை அறிவித்தபோது சர்வீஸ் வொர்க்கரின் ஏபிஐயையே மாதிரியாக எடுத்துக்கொண்டது. கோட் ஒரே மாதிரி இருப்பதால் விளைவும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்புகிறவர், தவறான ரவுட் ஒன்றை ஆயிரக்கணக்கான ஃபோன்களுக்கு அனுப்பிப் பார்த்திருக்க மாட்டார்.

நாங்கள் அனுப்பியிருக்கிறோம். ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த டிக்கெட் தளம். சர்வர் பக்கம் எழுதிய ரவுட்டரையே சர்வீஸ் வொர்க்கரிலும் வைத்தோம். கடைசியில் ஒரு விதி: வேறு எந்தப் பாதையும் பொருந்தாவிட்டால் கேச்சில் இருக்கும் முகப்புப் பக்கத்தைக் கொடு. பணம் கட்டி முடித்தவரை வங்கி எங்கள் தளத்துக்குத் திருப்பி அனுப்பும். அந்த முகவரியை சர்வர் பார்த்தால்தான் டிக்கெட் உறுதியாகும். சர்வர் பார்க்கவே இல்லை. வொர்க்கர் நடுவழியில் பிடித்து முகப்பைக் காட்டிவிட்டது. பணம் போயிற்று, டிக்கெட் வரவில்லை, சிலர் இரண்டாவது முறையும் கட்டினார்கள். சர்வர் லாகைத் திறந்தால் சுத்தமாக இருந்தது. வந்து சேராத கோரிக்கைக்கு லாக் எப்படி இருக்கும்?

காரணம் கண்டுபிடித்ததும் திருத்தப் பத்து நிமிடம்தான் ஆயிற்று. சர்வரில் என்றால் கதை அங்கே முடிந்திருக்கும். பிரவுசரில் புது வொர்க்கர் இறங்கினாலும், பழையதன் பிடியில் இருக்கும் டேப்கள் எல்லாம் மூடும்வரை காத்துக்கொண்டு நிற்கும். பக்கத்தை ரீலோட் செய்தாலும் போதாது. காத்திருக்க வேண்டாம் என்று வொர்க்கருக்குள்ளேயே முன்கூட்டி எழுதிவைக்கலாம், நாங்கள் எழுதவில்லை. ஃபோனில் டேப்பை யார் மூடுகிறார்கள்? திருத்திய பிறகும் பல நாள் புகார் வந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் கழித்துத் தளத்துக்கு வந்தவருக்கும் முதல் பக்கத்தைக் கொடுத்தது பழைய வொர்க்கர்தான்.

இன்னொன்றும் உண்டு. சர்வீஸ் வொர்க்கரின் எல்லை முகவரியின் முதல் எழுத்துகளை மட்டுமே ஒப்பிடும். எல்லையை '/கடை' என்று கொடுத்தால் '/கடைசி-தேதி' பக்கமும் அதன் கைக்குள் போய்விடும். முடிவில் ஒரு சாய்கோடு போட வேண்டும் என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வேலை இல்லாவிட்டால் சர்வீஸ் வொர்க்கரை குரோம் சுமார் 30 விநாடியில் தூங்கவைத்துவிடும். அடுத்த கோரிக்கைக்கு அதை எழுப்பவேண்டும். 'இது எனக்கானது இல்லை' என்று சொல்வதற்குக்கூட எழுப்பவேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தைத் தவிர்க்கத்தான் 2024இல் குரோம் 123 பாதை விதிகளை பிரவுசரிடமே முன்கூட்டி ஒப்படைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. எப்போதோ தீர்ந்துபோன விஷயத்துக்காக பிரவுசர் செய்கிறவர்கள் 2024இல் புது ஏபிஐ எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து மேடையேறப் போகிறவரிடம் கேட்டுக்கொள்கிறேன்: அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில், தங்கள் சர்வீஸ் வொர்க்கர் எந்தெந்தப் பாதைகளைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பணம் கட்டிவிட்டுத் திரும்பும் பாதை முதல் வரியாக இருக்கட்டும்.