நிற்கிற காலுக்கு நாற்காலி எங்கே?

ஜவுளிக் கடை ஊழியர்களை வாட்டும் 'நரம்புச் சுருட்டல்'! சட்டம் வந்தும் கால் வலி தீரவில்லை

சென்னை:

தி.நகர் ரங்கநாதன் தெருவில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் ஒரு ஜவுளிக் கடைக்குள் போய்ப் பாருங்கள். புடவையைப் பார்க்க வேண்டாம். புடவையை எடுத்துப் போடுகிற பெண்ணின் காலைப் பாருங்கள். கொஞ்ச நேரம் வலது காலில் நிற்பார். பிறகு இடது காலுக்கு மாறுவார். அலமாரியில் முதுகைச் சாய்ப்பார். மேற்பார்வையாளர் வந்தால் சட்டென்று நிமிர்வார்.

காலையில் கடை திறந்ததில் இருந்து இதே கதைதான். "கால் கடுக்குதுங்க" என்று சொல்லாத கடை ஊழியர் உண்டா? நிற்கிற பிழைப்பு என்றால் ஜவுளிக் கடை மட்டும் அல்ல. ஓட்டல் சப்ளையர், முடி திருத்துபவர், வாசல் காவலாளி, போக்குவரத்துப் போலீஸ்காரர் எல்லோருக்கும் இதே பாடுதான்.

சட்டம் இருக்கிறது!

இதற்குச் சட்டமே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டு வந்தார். அது நிறைவேறி, 1947-ம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. கடையில் வேலை செய்யும் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது.

நமக்கு முன்பே, 2018-ல், கேரளா இதைச் செய்துவிட்டது. அதுவும் சும்மா வரவில்லை. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் ஒன்று சேர்ந்து குரல் கொடுத்த பிறகுதான் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நின்றுகொண்டு வேலை செய்பவருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவே சொல்லிவிட்டது. மில் தொழிலாளிக்கு அன்றே கிடைத்த உரிமை, கடை ஊழியரிடம் வந்து சேர 73 வருஷம் ஆயிற்று!

காலுக்குள் நடப்பது என்ன?

நரம்பு சுருட்டிக்கொண்டது என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் சுருள்வது நரம்பு அல்ல, ரத்தக் குழாய். காலுக்கு வந்த ரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய் அது. ரத்தம் கீழே இருந்து மேலே ஏற வேண்டும். ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அந்தச் சதை இறுகித் தளர்ந்து, பம்பு அடிப்பதுபோல ரத்தத்தை மேலே தள்ளும். ஏறியது திரும்ப இறங்காதபடி குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு.

அசையாமல் நின்றால் பம்பு ஓடாது. அப்போது கணுக்கால் பக்கம் குழாயில் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லி மீட்டர் பாதரசம். நடந்தால் 30 அளவுக்கு இறங்கிவிடும். வருஷக்கணக்கில் நின்றால் குழாய் விரிந்து, வால்வு பழுதாகி, ரத்தம் கீழேயே தேங்கும். பரம்பரை, பிள்ளைப்பேறு, உடல் பருமன் இவையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் சாயங்கால வீக்கம், கடுப்பு. அப்புறம் நீலமாகப் புடைத்த குழாய். பிறகு கணுக்காலைச் சுற்றி அரிப்பு, கருப்பு. கடைசியில் ஆறாத புண். புண் வந்த பிறகு வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும்.

இன்னொன்று குதிகால் வலி. காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் ஆணி அடித்த மாதிரி இருக்கும். நாலு அடி நடந்தால் குறையும். கல் தரையில் மெல்லிய செருப்போடு, சில இடங்களில் வெறுங்காலோடு, நாள் முழுக்க நிற்பவருக்கு இது வரத்தான் செய்யும். மெத்தென்ற செருப்பும், பாதத்தையும் கெண்டைக்காலையும் நீட்டி இழுக்கும் பயிற்சியும் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

ஓட்டை எங்கே?

சட்டத்தில் 'வாய்ப்பு கிடைக்கும்போது' என்று இருக்கிறது. வாய்ப்பு எப்போது என்று தீர்மானிப்பது யார்? முதலாளிதான். எத்தனை பேருக்கு எத்தனை நாற்காலி, மணிக்கு எத்தனை நிமிஷம் உட்காரலாம் என்ற கணக்கும் அந்தப் பிரிவில் இல்லை. மூலையில் இரண்டு ஸ்டூலைப் போட்டுவிட்டு சட்டப்படி நடந்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம். போட்டதில் உட்கார்ந்தவரை முறைத்துப் பார்த்தால் போதும், மறுநாள் யாரும் உட்கார மாட்டார்கள்.

புகார் செய்யத் தொழிலாளர் துறை இருக்கிறது. ஆனால் வேலை போய்விடும் என்று பயப்படுகிற பெண் எப்படிப் புகார் எழுதுவார்? ஆய்வுக்கு வருகிற அதிகாரி நாற்காலியை எண்ணினால் மட்டும் போதாது. அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

நாற்காலி மட்டுமே மருந்தும் அல்ல. நாள் முழுக்க ஆடாமல் உட்கார்ந்தாலும் ரத்தம் தேங்கத்தான் செய்யும். கொஞ்சம் உட்கார்ந்து, கொஞ்சம் நடந்து, நிற்கிற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் பம்பு வேலை செய்யும். இதற்குக் காசு செலவில்லை. இரவில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம். இறுக்கமான காலுறை வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதை மட்டும் அசட்டை செய்யாதீர்கள்

ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புடைத்த குழாய் வெடித்து ரத்தம் வந்தால் படுத்து, காலை உயரத் தூக்கி, துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் ரத்தக் குழாய் அறுவைக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

வாடிக்கையாளர் வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள் என்பது கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். அந்த வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை, நாம்தான். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். நாற்காலியே கண்ணில் படவில்லை என்றால், கல்லாவில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் உட்கார்ந்துகொண்டுதான் பதில் சொல்வார்!

— நமது நிருபர்