புல்தரை ஓரம்: வெட்ட வேண்டியது இலையை அல்ல!

பூண்டுச் சந்தைக்குப் பேர்போன வடுகபட்டியைத் தாண்டினால் பெரியகுளம், கம்பம் பக்கமெல்லாம் நெல் வயல்கள். நடவுக்கு முன் மண்வெட்டியால் வரப்பின் பக்கவாட்டைச் சீவி, சேறு பூசி மெழுகுவது அங்கே வழக்கம். அழகுக்காக அல்ல. வரப்புப் புல்லில் தங்கும் பூச்சி பயிருக்குத் தாவும். புல் மண்டினால் எலி வளை தோண்டும், தண்ணீர் ஒழுகிவிடும்.

வீட்டு வாசலில் லான் போட்டவர்களுக்கும் இதே சூத்திரம்தான். அருகம்புல் தரையோடு தண்டு விட்டு ஓடும். கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். கத்தரிக்கோலால் நுனியை நறுக்கினால் சில நாளில் ரோஜாப் பாத்திக்குள் வந்து நிற்கும். தண்டை வெட்ட வேண்டும்.

முதல் நாள் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு முளை அடித்துக் கயிறு கட்டி, பிறை வடிவ எட்ஜரையோ தட்டையான மண்வெட்டியையோ செங்குத்தாக இறக்குங்கள். 2, 3 அங்குல ஆழம் போதும். சாய்த்து வெட்டினால் ஓரம் சரிந்துவிடும். சொட்டுநீர்க் குழாய், தோட்ட விளக்கு ஒயர் எங்கே புதைந்திருக்கிறது என்று முன்பே பார்த்துவிடுங்கள். மோட்டார் எட்ஜர் என்றால் கண்ணாடியும் ஷூவும் கட்டாயம். அதில் சிறு கல் தெறித்தாலே கண்ணுக்கு ஆபத்து. குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டே சுவிட்சைப் போடுங்கள்.

வெட்டிய தண்டுகளைப் பாத்தியில் விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு கணுவும் முளைக்கும். லானில் சொட்டையான இடம் இருந்தால் அங்கே ஊன்றித் தண்ணீர் விடுங்கள்.