மண்ணுதானே!

போன பொங்கலுக்கு ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. "பிள்ளைங்களுக்கு நம்ம பாரம்பரியத்தைக் காட்டணுங்க, நீங்க சக்கரத்தோட வந்து உக்காந்தாலே போதும்"னு போன்ல மேடம் அவ்வளவு மரியாதை. மானாமதுரையிலேர்ந்து மினிவேன் பிடிச்சு, கரண்ட் சக்கரம், மிதிச்சு வச்ச மண்ணு ரெண்டு மூட்டை, வாளி, ஈரச்சாக்குன்னு ஏத்திக்கிட்டுப் போறேன். மேடையைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டேன். ஆறடி உயரத்துக்குப் பொங்கப்பானை. தெர்மாகோல்! கழுத்துல கட்டின மஞ்சக்கொத்துகூட பிளாஸ்டிக். சரி, அலங்காரம், விடுங்க. பொங்கலை எதுல வச்சாங்கங்கிறீங்க? கேஸ் அடுப்பு, எவர்சில்வர் அண்டா. அந்த எடத்துல மண்ணுன்னா நான் ஒருத்தன்தான்.

ரெண்டு மணி நேரம் சக்கரம் ஓடுச்சு. பிள்ளைங்க வாயப் பொளந்து பாத்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. கிளம்புறப்ப ஒரு சால்வை, ஒரு போட்டோ. தயங்கித் தயங்கி வேன் வாடகையைக் கேட்டேன். மேடம் சிரிச்சுட்டாங்க. "என்னங்க நீங்க, மண்ணுதானே... உங்களுக்கு என்ன செலவு?"

இந்த வார்த்தையை எத்தனை வாயில கேட்டாச்சு தெரியுமா?

மண்ணு சும்மா கிடைக்குதுன்னு யாருங்க கிளப்பி விட்டது? முன்னாடி கண்மாய்ல மண்ணு எடுக்கணும்னா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அலையணும். 2024-ல, தாசில்தாரே அனுமதி குடுக்கலாம்னு மாத்தினாங்க. நல்ல காரியம், கும்பிட்டுக்கறேன். ஆனா எனக்கு வாய்ச்சது என்ன? லிஸ்ட்ல இருக்கற கண்மாய்ல வெறும் சவுடு. பானைக்கு ஆகுற களி கிடக்கற கண்மாய் லிஸ்ட்லயே இல்லை. மனு எழுதி எழுதி எனக்குக் கையெழுத்து அழகானதுதான் மிச்சம். ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற ஜேசிபிக்கு மட்டும் எந்த லிஸ்ட்டும் கிடையாது.

வந்த மண்ணும் அப்படியே பானை ஆயிடுமா? காயப்போட்டு உடைக்கணும், ஊறப்போடணும், மணல் கலந்து காலால மிதிக்கணும். மிதிக்கிறப்ப ஒரு சின்னக் கல்லு உள்ளங்கால்ல தட்டுப்படணும். தட்டுப்படாம உள்ள தங்கிடுச்சுன்னா சூளையில 'டப்'. அதுக்குத்தான் நாங்க மண்ணு அரைக்கிற மிஷினை முழுசா நம்புறதில்லை. இன்னொண்ணு, ரீல்ஸ் எடுக்க வர்ற தம்பிங்களுக்கு இது தெரியாது: சக்கரத்துல வர்றது பாதிப் பானைதான். வாயும் கழுத்தும் தோளும் வரும், அடியில ஓட்டை. அதை அறுத்து எடுத்து, கொஞ்சம் இறுகினதும் உள்ள ஒரு உருண்டைக் கல்லு, வெளியே தட்டுப்பலகை, ரெண்டுக்கும் நடுவுல வச்சுத் தட்டித் தட்டி அடியை மூடணும். எங்க அப்பத்தா தட்டுற சத்தத்துலயே கனம் சொல்லும். "மூணாவது பானை கனத்துப்போச்சுடா"ன்னு அடுப்படியிலேர்ந்து குரல் வரும். எடுத்துப் பாத்தா கனத்துத்தான் இருக்கும்.

ஊர்ப் பேரைச் சொன்னதும் "ஓ, கடம்!"பாங்க. கடம் வேற கை, வேற வீடு. நமக்குப் பானை, அடுப்பு, அகல், அப்புறம் புரவி, அதாவது மண்குதிரை.

புரவியை மட்டும் கொஞ்சம் சொல்லிக்கறேன். எங்க பக்கம் அய்யனார் கோயில் புரவியெடுப்புன்னா மொதல்ல பிடிமண் குடுப்பாங்க. ஊர்ப் பெரியவர் ஒரு கைப்பிடி மண்ணைத் தட்டுல வச்சு, குதிரை செய்யற வேளார் கையில பணிஞ்சு குடுப்பாரு. அந்த மண்ணைச் சேத்துத்தான் வேலை ஆரம்பிக்கணும். கவனிங்க, அதுவும் மண்ணுதான்! மொதல்ல நாலு காலும் நிக்கணும். ஈரம் பாத்து ஒடம்பு, அப்புறம் கழுத்து. முகம் கடைசி. முகத்துக்கு உக்காந்தா நான் சோறு கேக்கறதில்லை, போன் எடுக்கறதில்லை. ஒரு தடவை ஒரு குதிரைக்கு எங்க அப்பாவோட கோவம் வந்து உக்காந்துருச்சு. நானா வைக்கலை, வந்துருச்சு. இப்ப அந்த ஊர்க் கமிட்டி என்ன சொல்லுது? "சிமெண்ட்ல வச்சுட்டா வருஷா வருஷம் செலவு இல்லை பாருங்க."

அடுத்து போனை நீட்டுறவங்க. "அண்ணே, இந்த மாதிரி புத்தர் தலை வேணும், உள்ள எல்இடி லைட்டு, வாயில தண்ணி வரணும்." புத்தர் வாயில தண்ணி எதுக்குங்க? அதையும் செஞ்சேன். சூளைக்கு வைக்கோலும் விறகும் வாங்கணும்ல? காசு குடுக்கறப்ப, "என்னண்ணே, ரேட்டு ஓவரா இருக்கே, மண்ணுதானே?" அதே ஆளு மால்ல காபி குடிச்சுட்டு பில்லைப் பாக்காம கார்டைத் தேய்ப்பாரு.

அகல் கதை இன்னும் மோசம். கார்த்திகைக்குத்தான் விக்கும், கார்த்திகைக்கு முன்னாடிதான் மழை அடிக்கும். காயாத அகலை அடுக்குனா சூளைல வெடிக்கும். நடுவீட்டுல ஃபேனைப் போட்டுக் காயவைக்கிறோம், நாங்க திண்ணையில படுத்துக்கறோம். மழைக்கால நிவாரணம்னு 5000 ரூபா உண்டு, பதிவுல பேர் இருக்கறவங்களுக்கு. இத்தனை பாடுபட்டு ரோட்டோரமா கடை போட்டா, மூணு அகல் பத்து ரூபாய்னா, நாலாவதை 'கொசுறு'ன்னு தானாவே எடுத்துப் பையில போட்டுக்குவாங்க. பேரம் பேசாம வாங்கிட்டுப் போறது கொள்ளிப்பானைக்கு வர்றவங்க மட்டுந்தான். ராத்திரி எந்நேரம் கதவைத் தட்டினாலும் நாங்களும் விலை சொல்றதில்லை.

மதிப்பே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2023-ல மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு வந்துச்சு. அதே வருஷம், இதே வைகைக் கரையில, இதே சிவகங்கை மாவட்டத்துல, கீழடி மியூசியமும் திறந்தாங்க. 18 கோடிக்கு மேல செலவு. போய்ப் பாத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள, லைட் வெளிச்சத்துல ஓட்டாஞ்சில்லு. ஒரு சில்லுல தட்டுப்பலகைத் தடம் பட்ட மாதிரி இருந்துச்சு, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. உடைஞ்சு ரெண்டாயிரம் வருஷம் ஆனாத்தான் மரியாதை போல. உடையாததுக்கு பிளாட்பாரம், அதுவும் போலீஸ் வண்டி வர்ற வரைக்கும். ரேஷன்ல குடுக்கற பொங்கல் தொகுப்போட ஒரு மண்பானையும் அடுப்பும் குடுங்கன்னு எங்க ஆளுங்க எத்தனை வருஷமாக் கேக்கறாங்க! 2022-ல 21 பொருள் குடுத்தாங்க. மிளகு இருந்துச்சு, ஏலக்காய் இருந்துச்சு. பானை எங்கே?

நேத்து அதே மேடம் போன். "இந்த வருஷமும் நீங்கதான் வரணும். பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. வரும்போது சும்மா ஒரு நூறு அகல் கொண்டு வாங்களேன், பெயின்ட் அடிச்சு விளையாடுவாங்க." பிள்ளைங்க கேக்குதுன்னாங்களா, "சரி மேடம்"னு சொல்லித் தொலைச்சுட்டேன்.

வீட்டுக்காரி நேத்துலேர்ந்து பேசலை. மூட்டையில கட்டுறதுக்கு நூறு அகலை எண்ணி வச்சிருக்கா.