ஒரே வாரத்துல கலர் கூடுதா? முதல்ல அந்த க்ரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்க!

"அக்கா, வீடியோ கால் வேணாம். சும்மா பேசு."

திண்டுக்கல்லில் இருக்கும் என் சித்தி பெண் இப்படிச் சொன்னதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை, பிளவுஸ் டிசைன், மெஹந்தி என்று தினமும் வீடியோ காலிலேயே குடியிருந்தவள், திடீரென்று முகத்தைக் காட்ட மறுத்தாள். கெஞ்சிக் கேட்டபிறகு கேமராவை ஆன் செய்தாள். இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன. தாடை முழுக்கப் பொடிப்பொடியாகப் பரு. "வெயில்ல போனா மிளகாய்த்தூள் பூசின மாதிரி எரியுதுக்கா. அம்மாகிட்ட சொல்லிடாத."

நடந்தது இதுதான். நிச்சயதார்த்த போட்டோவைப் பார்த்த உறவினர் ஒருவர், "மாப்பிள்ளை நல்ல கலரு, பொண்ணுதான் கொஞ்சம் மட்டு" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காக, தெரிந்தவர் மூலமாக 400 ரூபாய்க்கு ஒரு க்ரீம் வாங்கினாள். சின்ன வெள்ளை டப்பா. பெயர் இல்லை, கம்பெனி இல்லை, தேதியும் இல்லை. போட்ட பத்தாவது நாளே முகம் வெளுத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து டப்பா தீர்ந்து, அடுத்தது வர நான்கு நாள் தாமதம். அந்த நான்கு நாளில்தான் முகம் இப்படி ஆகிவிட்டது.

சிவப்பழகு க்ரீம் போடலாமா, கூடாதா என்று பட்டிமன்றம் நடத்த இந்தப் பகுதியைப் பயன்படுத்தப் போவதில்லை. நம் வீடுகளில் யாரோ ஒருவர் அதைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். எந்த க்ரீம் ஒரே வாரத்தில் வேலை செய்கிறதோ, அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வேகமா வெளுக்குதுன்னா உள்ளே என்ன இருக்கும்?

நம் தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது மெலனின் என்ற நிறமி. அதை உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுப்பானவர், சிவப்பானவர் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின் தயாரிக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அதைப் பத்தே நாளில் அடக்க வேண்டுமென்றால் சாதாரண அழகு க்ரீமால் முடியாது. இந்த மூன்றில் ஒன்று கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

*ஸ்டீராய்டு:* பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் போன்ற பெயர்களில் இருக்கும். அரிப்பு, எக்ஸிமா போன்ற பிரச்னைகளுக்கு மருத்துவர் குறுகிய காலத்துக்குத் தரும் மருந்துகள் இவை. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்துவிடும். ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், பரு வரும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே மறுபடி அதையே பூசுவார்கள். இதனால்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது.

*பாதரசம்:* மெலனின் உற்பத்தியைத் தடுக்கும், மலிவானது. ஆனால், தோல் வழியாக உடம்புக்குள் போய் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கும். கர்ப்பிணி பூசினால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகும். ஆவியாகக்கூடியது என்பதால், க்ரீம் பூசியவரின் டவல், தலையணை வழியாகப் பூசாதவர்களுக்கும், வீட்டுக் குழந்தைகளுக்கும் ஆபத்து. இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி, முகத்துக்குப் பூசும் க்ரீம்களில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தயாரிப்பின்போது தெரியாமல் கலந்துவிட்டால்கூட ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

*ஹைட்ரோகுயினோன்:* மங்கு போன்ற கரும்படலத்துக்கு மருத்துவர் அளவோடு, கெடு வைத்துத் தரும் மருந்து. நாமாக வருடக்கணக்கில் பூசினால், எந்த இடம் வெளுக்க வேண்டும் என்று நினைத்தோமோ அதே இடம் நீலம் கலந்த கறுப்பாக மாறலாம். அதைச் சரிசெய்வது மிகவும் கஷ்டம்.

பக்கத்து மலப்புரத்தில் நடந்தது

'க்ரீம்ல போய் கிட்னி பாதிக்குமா?' என்று கேட்பவர்களுக்கு இந்தச் செய்தி. கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகை சிறுநீரக நோயுடன் 22 பேர் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் 15 பேருக்கு வழக்கமாக அரிதாகத் தென்படும் 'நெல்-1' என்ற வகை பாதிப்பு. விசாரித்தபோது அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசிவந்தது தெரியவந்தது. மருத்துவர்கள் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அதே 2023-ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை நடத்தியது.

டப்பாவைத் திருப்புங்க... இதையெல்லாம் தேடுங்க!

* தயாரித்த நிறுவனத்தின் பெயர், முழு முகவரி, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம். இதில் ஒன்று இல்லையென்றாலும் கீழே வைத்துவிடுங்கள்.

* வெளிநாட்டு க்ரீம் என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'துபாய்ல இருந்து மாமா கொண்டுவந்தாரு', 'ஆன்லைன்ல பாதி விலை' என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது.

* சேர்மானப் பட்டியலில் மெர்குரி, மெர்க்யூரிக், காலமெல், சின்னாபரிஸ் என்ற வார்த்தைகள் இருந்தால் அது பாதரசம். (காலமெல் வேறு, அம்மை வந்தால் தடவும் காலமைன் வேறு. காலமைனில் இருப்பது துத்தநாகம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

* 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்' என்று எழுதியிருக்கிறதா? உஷார்! பாதரசம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் எழுதப்படும் எச்சரிக்கை அது. நகைக்கே ஆகாதது முகத்துக்கு எப்படி ஆகும்?

* டியூபில் 'ஆர்எக்ஸ்' குறியோ, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்ற வரியோ இருந்தால் அது அழகு க்ரீம் அல்ல, மருந்து. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது உங்களுக்கு அல்ல.

* பார்லரில் கலந்து தரும் 'ஃபார்முலா க்ரீம்', 'நைட் க்ரீம்' டப்பாக்களில் திருப்பிப் பார்ப்பதற்கே எதுவும் இருக்காது. அவற்றை வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்று, டப்பாவின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். 1975-ல் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது நினைவிருக்கும். மற்ற பல க்ரீம்களிலும் இன்று க்ளோ, பிரைட்டனிங், ரேடியன்ஸ் என்ற வார்த்தைகள்தான். வார்த்தை மாறுவதால் உள்ளே இருப்பது மாறிவிடாது. பின்பக்கப் பட்டியல்தான் முக்கியம்.

சோப்பு போட்டா சிவப்பாகுமா?

பப்பாளி சோப்பு, கோஜிக் சோப்பு, குளூட்டாதயோன் சோப்பு என்று ரீல்ஸ் முழுக்க நுரைதான். யோசித்துப் பாருங்கள், ஒரு சோப்பு நம் முகத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது? அரை நிமிடம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். அதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறோம். எண்ணெய், அழுக்கு, வியர்வை போய் முகம் பளிச்சென்று தெரியலாம், அவ்வளவுதான். 'அப்ப பத்து நிமிஷம் ஊறவெச்சா?' என்று கேட்காதீர்கள். தோல் வறண்டு, எரிந்து, அந்த எரிச்சலே கருமையைக் கூட்டிவிடும். நம்மைப்போன்ற மாநிறத் தோலில் சிராய்ப்போ பருவோ வந்தால் கறுப்புத் தழும்பு விழுவது இப்படித்தான். எலுமிச்சைச்சாறு தேய்த்துவிட்டு வெயிலில் போவதும் வேண்டாம், தோல் வெந்து கறுத்துவிடும்.

சோப்பு வாங்கும்போது 'டி.எஃப்.எம்' அளவைப் பாருங்கள். 76 சதவிகிதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். வறண்ட சருமம் என்றால் வாசனை குறைவான, மென்மையான சோப்போ ஃபேஸ் வாஷோ போதும்.

சரி, எதைத்தான் போடறது?

பருத் தழும்பு, வெயில் கருமை, திட்டுத்திட்டான கறுப்பு ஆகியவற்றைக் குறைக்க உதவும் பொருள்கள் உண்டு. நியாசினமைடு, அசெலாயிக் அமிலம், வைட்டமின் சி, குறைந்த அளவு கோஜிக் அமிலம் ஆகியவற்றைப் பட்டியலில் தேடலாம். இவை பலன் தர எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். பிறவி நிறத்தை இவை எதுவும் மாற்றாது, கூடுதலாகச் சேர்ந்த கருமையைத்தான் குறைக்கும்.

பயன்படுத்தும் முறையும் முக்கியம்.

* முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.

* ஒரு நேரத்தில் ஒரு புது க்ரீம் மட்டும். மூன்றை ஒன்றாக ஆரம்பித்தால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாது.

* காலையில் சன் ஸ்கிரீன் கட்டாயம். எஸ்.பி.எஃப் 30-ஆவது இருக்கட்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூசுங்கள். டூ வீலரில் போகிறவர்கள், வெயிலில் வேலை செய்கிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். இது இல்லாமல் ஆயிரம் ரூபாய் க்ரீம் போட்டாலும் வீண்.

* கர்ப்பிணிகளும் பாலூட்டும் அம்மாக்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு சிவப்பழகு க்ரீம் என்ற பேச்சே கூடாது.

தேய்த்தால் போகாத கருமை

பிள்ளைகளின் பின்கழுத்து கறுத்து, தடித்து, வெல்வெட்போல இருந்தால் அழுக்கு என்று நார் போட்டுத் தேய்ப்போம். உடல் எடை கூடி, இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது அப்படி ஆவதுண்டு. அதற்குத் தேவை க்ரீம் அல்ல, சர்க்கரைப் பரிசோதனை. கன்னத்தில் வரும் மங்குக்கும் சரும மருத்துவரிடம் போவதுதான் நல்லது.

ஏற்கெனவே போட்டுக்கிட்டு இருக்கீங்களா?

பெயரில்லாத டப்பா என்றால், பூசுவதை நிறுத்திவிட்டு டப்பாவோடு சரும மருத்துவரிடம் செல்லுங்கள். ஸ்டீராய்டு டியூப் என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியக்கூடும். ஓரிரு நாளில் மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாக எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். முகம், கால் வீக்கம், சிறுநீரில் நுரை, கை நடுக்கம் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். க்ரீம் பூசியதை மறைக்காமல் சொல்லுங்கள். பாதரசம் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் டப்பாவை மூடி, கவரில் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கவும் அது உதவும்.

என் தங்கை சித்தியிடம் சொல்லத்தான் ரொம்பப் பயந்தாள். நானே போனில் சொன்னேன். சித்தி திட்டவில்லை, மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப்போனார். பார்த்ததுமே ஸ்டீராய்டாக இருக்கும் என்றார் மருத்துவர். எதற்கும் இருக்கட்டும் என்று சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். நல்லவேளை, பிரச்னை இல்லை. ஆனால், முகம் பழையபடி ஆகச் சில மாதங்கள் பிடிக்கும் என்று சொல்லிவிட்டார். பிளீச், ஃபேஷியல் எதுவும் இல்லாமல், கன்னத்தில் கொஞ்சம் சிவப்போடுதான் முகூர்த்தத்தில் உட்கார்ந்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி அவள் சொன்ன ஒன்று இன்னும் மனதிலேயே இருக்கிறது. "கண்ணாடியைப் பார்த்து பயமாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா எல்லாரும் 'கல்யாணக் களை வந்துடுச்சு'னு சொன்னாங்களா, நிறுத்த மனசு வரல."

அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அவள் அனுப்பிய போட்டோவுக்கு நான் போட்ட ஹார்ட் இன்னும் என் போனில் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது திடீரென்று வெளுத்துப்போனால், பாராட்டுவதற்கு முன்னால் "முகத்துக்கு என்னம்மா போடுற?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த டப்பாவையும் வாங்கித் திருப்பிப் பாருங்கள்.