மறவாத ஏடும் மறைக்க வேண்டிய சொல்லும்

வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசற்படியிலேயே வைத்துச் செல்பவரைக் கண்டால் என்ன சொல்வோம்? பூட்டு எதற்கு என்றுதானே கேட்போம்! கணிப்பொறி நிரல் எழுதுவோரில் பலர் இன்று அதைத்தான் செய்கின்றனர்.

ஒரு நிரலில் யார், எப்பொழுது, எந்த வரியை மாற்றினார் என்பதைப் பதிந்து வைப்பவை பதிப்பு மேலாண்மைக் கருவிகள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய 'கிட்' அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. நிரலைத் தொலைவிலுள்ள சேமிப்பிடத்திற்கு அனுப்பும்போது நம்மை இன்னார் என்று மெய்ப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வது சலிப்பே. எனவே, "நீயே நினைவில் வைத்துக்கொள்" என்று கருவியிடமே ஒப்படைக்கிறோம். சிக்கல் இங்குதான் முளைக்கிறது.

கிட் கருவியின் 'ஸ்டோர்' என்னும் வழி, கடவுச்சொல்லை எவ்வித மறையாக்கமும் இன்றி ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. 'கேஷ்' என்னும் வழியோ நினைவகத்தில் மட்டும் வைத்திருந்து, நாம் வேறு கூறாவிடில் 15 நிமிடங்களில் மறந்துவிடுகிறது. இயங்குதளத்தின் பூட்டிய பெட்டகத்தில் வைப்பது மூன்றாம் வழி. பலர் ஒரே கணக்கில் பணியாற்றும் ஆய்வகக் கணிப்பொறியில் முதல் வழியைத் தேர்ந்தால், அடுத்து அமர்பவரிடம் நம் சாவியைக் கொடுத்துவிட்டு எழுகிறோம் என்பதே பொருள்.

"எதையுமே சேமிக்கக் கூடாது" என்பாரும் உளர். அதை ஏற்பதற்கில்லை. நாளுக்குப் பத்து முறை தட்டச்சு செய்ய நேர்ந்தால் மனிதன் எளிய சொல்லையே தேடுவான். எல்லா இடத்திற்கும் அந்த ஒன்றையே வைப்பான். சேமிப்பது குற்றமன்று, திறந்த வெளியில் சேமிப்பதே குற்றம்.

கருவி செய்வோருக்கும் இதில் கடமை உண்டு. சப்வெர்ஷன் என்னும் கருவி யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் கடவுச்சொல்லை வெளிப்படையாகவே எழுதி வந்தது. 2009இல் வந்த 1.6ஆம் பதிப்பு, அவ்வாறு எழுதுமுன் அனுமதி கேட்கத் தொடங்கியது. 2019இல் வந்த 1.12ஆம் பதிப்பில் அவ்வழி இயல்பாகவே அடைக்கப்பட்டது. கிட்ஹப் நிறுவனமோ 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் பணிகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதையே நிறுத்தியது. அதற்கு ஈடாக வந்த டோக்கனுக்கு எல்லையும் காலக்கெடுவும் விதிக்கலாம். ஆனால் டோக்கனும் திறந்த கோப்பில் கிடந்தால் கதை பழைய கதையே!

இவற்றினும் கொடியது, நிரலுக்குள்ளேயே கடவுச்சொல்லை எழுதிவிடுவது. டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவைக்குரிய நிரலின் ஒரு பகுதி, தரவுத்தளத் திறவுகோலுடன் 2017 டிசம்பரில் கிட்ஹப்பில் பொதுப்பார்வைக்கு ஏறிவிட்டது. 2022 செப்டம்பரில்தான் அது கண்டறியப்பட்டது. 2,96,019 மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கக் கூடும் என அந்நிறுவனமே அறிவித்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வாசலில் கிடந்த சாவி அது!

"மறுநாள் அழித்துவிடலாமே" என்கிறீர்களா? பழைய பதிப்பை மறவாதிருப்பதே இக்கருவியின் சிறப்பு. இன்று அழித்த வரி நேற்றைய பதிப்பில் நிற்கும். நகலெடுத்தவர் கையில் வரலாறு முழுவதும் இருக்கும். ஆகவே வெளியேறிய சொல்லை அழிப்பதற்கு முன் மாற்றுவதே அறிவுடைமை.

மாணவத் தோழர்களே! நாளை வங்கிக்கும் மருத்துவமனைக்கும் நிரல் எழுதப் போகிறவர்கள் நாம். அங்கே நாம் காக்க வேண்டியது நம் சொல்லை மட்டுமன்று. நம்மை அறியாத இலட்சம் பேரின் நம்பிக்கையை. அந்தப் பழக்கத்தை ஆய்வகத்திலேயே தொடங்குவோம்!