காணிக்குக் கையொப்பமா, மனிதருக்கு வாக்கா?

ஒரு வீதி திருத்தப்படும்போது அதன் பயனை அடைபவர் யார்? அதற்கான கடனைச் சுமப்பவர் யார்? அக்கடனுக்குச் சம்மதம் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? இம்மூன்றுக்கும் ஒரே விடை கிடைக்குமாயின் அங்கே நீதி இருக்கிறது எனலாம்.

அமெரிக்காவின் மிசூரி மாநில வாக்காளர்கள் 1990 நவம்பர் 6ஆம் திகதி தமது அரசியலமைப்பில் ஒரு திருத்தத்தை ஏற்றுக்கொண்டனர். இதன்படி ஒரு நகரமோ மாவட்டமோ தனது எல்லைக்குள் ஒரு சுற்றுப்புறத்தை மட்டும் தனி வட்டாரமாக வகுத்து, அங்கு வீதி, வடிகால் போன்ற வேலைகளைச் செய்யக் கடன்பத்திரம் வெளியிடலாம். கடனை அவ்வேலையால் பயன்பெறும் காணிகள் மீது அறவிட்டுத் தீர்க்க வேண்டும்.

இதில் நல்ல அம்சங்கள் உண்டு. பயன்பெறாத அயலவர் மீது நேரடிச் சுமை விழுவதில்லை. இத்தகைய கடன்களின் மொத்தத் தொகை, வரி விதிக்கத்தக்க சொத்துக்களின் மதிப்பீட்டில் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது. செலவு மதிப்பீட்டை விட 25 வீதத்துக்கு மேல் கூடினால், மீண்டும் சம்மதம் பெற வேண்டும் என்கிறது சட்டம்.

ஆயினும் அந்தச் சம்மதத்தைப் பெற இரண்டு வாசல்கள் திறக்கப்பட்டுள்ளன. ஒன்று, வட்டாரத்தில் வதியும் வாக்காளரின் வாக்கெடுப்பு. மற்றையது, காணிச் சொந்தக்காரரின் மனு. மனுவில் எண்ணப்படுவது தலைகள் அல்ல, நிலப்பரப்பு. மூன்றில் இரண்டு பங்கு நிலத்துக்கு உரியவர்கள் ஒப்பமிட்டால் போதும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். முப்பது ஏக்கர் வட்டாரத்தில் இருபது ஏக்கர் ஒருவருக்குச் சொந்தம். மிகுதிப் பத்து ஏக்கரில் நாற்பது குடும்பங்கள். அந்த ஒருவரின் ஒப்பம் மனுவை நிறைவாக்கிவிடும். நகரசபையும் இணங்கினால் நாற்பது குடும்பங்களும் பல ஆண்டுகள் தவணை கட்ட வேண்டியதுதான். வாடகைக்கு இருப்பவரின் பெயருக்கோ மனுவில் இடமே இல்லை. வாடகை உயர்ந்தால் அச்சுமை அவர் தோளிலும் இறங்கும்.

காணிதானே கட்டுகிறது, காணிக்காரரே முடிவு செய்யட்டும் என்பர் சிலர். வேறிடத்தில் வாழும் சொந்தக்காரருக்கு வட்டார வாக்கெடுப்பில் வாக்கில்லை என்பதும் உண்மையே. ஆனால் காணி தானாகக் கட்டுவதில்லை. அதில் வாழும் மனிதரின் உழைப்பே கட்டுகிறது. மேலும் இக்கடன்பத்திரங்களுக்கு முழு நகரமுமே பொறுப்பு. தவணைகள் தவறினால் வட்டாரத்துக்கு வெளியே உள்ளவரும் பாதிக்கப்படுவர்.

ஆகவே மனுவைத் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது. ஒப்பங்கள் சேர்ந்தபின் வட்டாரத்து மக்களின் வாக்கும் கேட்கப்பட வேண்டும். அதனால் வேலை சில மாதங்கள் பிந்தலாம். தம்மைக் கேட்டுப் பெற்ற கடனை மக்கள் தமது கடனாகவே கட்டுவர். கேளாமல் சுமத்தியதோ, வீதி எவ்வளவு நேராக இருந்தாலும், மனங்களைக் கோணலாக்கிவிடும்.